மதகில் நான் இழுத்த கோடு

ஒரு மனிதனின் வாயில் நான் இரும்புப் பூண் போட்ட அளவுகோலால் அடித்தேன். அவன் பொய் சொன்னான் என்பதற்காக அல்ல. உண்மையைச் சொல்லத் தொடங்கிவிட்டான் என்பதற்காக.

அவன் பெயர் முனியாண்டி. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கிளைக் கால்வாயின் மதகைக் காத்தவன். நான் அந்தக் கால்வாயைப் பராமரித்த கந்தோரில் கணக்குக் கிளாக்கர். அடித்தபோது மணி மூன்று இருபது. அந்த நேரத்தை அன்று மாலையே நாட்குறிப்பில் பதிந்தேன். 'வெள்ளம் வடியத் தொடங்கியது' என்று பதிந்தேன். அடித்ததைப் பதியவில்லை.

இருபத்தாறு வருட நாட்குறிப்புகள் என் அலுமாரியில் இருக்கின்றன. எழுந்த நேரம், குடித்த மருந்து, வந்த கடிதம், பெய்த மழை... ஒரு நாளும் தவறவில்லை. அவற்றில் எந்தப் பக்கத்திலும் இந்த விஷயம் இல்லை. ஆகவே உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர் ஒருவருக்கு இதை எழுத என் கை வராது.

முதலில் என் வேலையைச் சொல்லவேண்டும். சொன்னால்தான் குற்றத்தின் அளவு உங்களுக்குப் பிடிபடும்.

கால்வாய்க் கரையில், கம்பி வேலிக்குள், ஒரு மழைமானி இருந்தது. செம்பு உருளை, மேலே புனல், உள்ளே போத்தல். தினமும் காலை எட்டு மணிக்குப் போத்தலில் சேர்ந்த நீரைக் கோடிட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, அங்குலத்தின் நூறிலொரு பங்கு வரை பார்த்து இடாப்பில் எழுதவேண்டும். நின்றுகொண்டு பார்த்தால் ஓர் அளவு வரும். குனிந்து பார்த்தால் வேறோர் அளவு வரும். நான் சாக்குத் துண்டொன்றை விரித்து முழங்காலிட்டு, நீர்மட்டத்துக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்ப்பேன். கோயிலில்கூட நான் அவ்வளவு கவனமாகக் குனிந்ததில்லை.

அந்த ஓர் அளவிலிருந்துதான் மற்றக் கணக்குகள் பிறக்கும். இத்தனை ஏக்கர் நிலத்தில் இத்தனை அங்குலம் பெய்தால், மண் குடித்தது போக எவ்வளவு நீர் ஓடிவரும். அது எந்த நேரத்தில் எந்த உயரத்துக்கு எழும். அதை வெளியேற்ற மதகு எவ்வளவு அகலம் இருக்கவேண்டும்... எல்லாம் அந்தக் குவளையிலிருந்து வருபவை.

ஒரு நாள் அளக்கத் தவறினால் என்ன செய்வது? அதற்கும் விதி இருந்தது. இரண்டு நாள் மழையையும் சேர்த்து ஒரே அளவாக எழுதி, இரண்டு வரிகளையும் ஓரத்தில் ஒரு கொக்கிக் கோட்டால் இணைக்கவேண்டும். அவ்வளவுதான். யாரும் தண்டிக்கமாட்டார்கள். யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

ஆனால் எங்களுக்குள் அந்தக் கொக்கி ஓர் அவமானம். காலியிலிருந்தும் இரத்தினபுரியிலிருந்தும் மழை அளப்பவர்கள் எங்கள் கந்தோருக்கு வந்தால், ஒருவர் இடாப்பை மற்றவர் புரட்டிக் கொக்கிகளை எண்ணுவோம். "உம்மட இடாப்பிலை மூண்டு தூண்டில் கிடக்குது ஐசே, மீன் ஏதும் பட்டதோ?" என்று கேலி செய்வோம். என் இடாப்பில் பதின்மூன்று வருடமாக ஒரு தூண்டிலும் இல்லை. அந்தக் கேலியைச் செய்யும் உரிமை எனக்கு மட்டுமே முழுமையாக இருந்தது.

பதின்மூன்றாம் வருடம், ஐப்பசியில், என் மனைவியின் தம்பிக்குக் கொட்டாஞ்சேனையில் கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் நாங்கள். இரண்டு நாள் அங்கே நிற்கவேண்டியதாயிற்று. மானியை இன்னொருவரிடம் ஒப்படைக்க எனக்கு மனமில்லை. மழை பெய்யாது என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். எதைக்கொண்டு தீர்மானித்தேன்? அளவில்லாமல் நான் எடுத்த ஒரே தீர்மானம் அது.

முதல் நாள் வெயில் எரித்தது. இரண்டாம் நாள் பிற்பகல் பந்தல் ஓலை பிய்ந்து விழும்படி கொட்டியது.

மூன்றாம் நாள் காலை ஏழு ஐம்பதுக்கு நான் வெள்ளவத்தையில் இருந்தேன். போத்தல் நிரம்பி வழிந்து வெளி உருளையிலும் நீர் நின்றது. குவளை குவளையாக அளந்தேன். எட்டு அங்குலம் நாற்பத்தாறு. என் வாழ்நாளில் அப்படி ஓர் அளவை நான் கண்டதில்லை.

வேலிக்கு அப்பால் ஒருவன் கால்வாயில் பாசி வாரிக்கொண்டு நின்றான். முனியாண்டிதான். அப்போது அவன் கால்வாய்த் துப்புரவுக் கூலி. இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்து, அங்கிருந்து கொழும்புக்கு இறங்கியவன்.

"முந்தநாள் இஞ்சை மழை பெய்ததோ?" என்று கேட்டேன்.

"முந்தாநாளா? ஒரு சொட்டு இல்லீங்க ஐயா. நேத்து மத்தியானம் புடிச்சுது, வெளக்கு வைக்கிறதுக்குள்ள அம்புட்டையும் ஊத்திப்புட்டுப் போயிருச்சு. ஐயா கல்யாணத்துல சோறு சாப்புட்டீங்களா, தண்ணி குடிச்சீங்களா?"

சிரித்தான். நானும் சிரித்தேன்.

பிறகு கந்தோருக்குள் போய் எட்டு அங்குலம் நாற்பத்தாறை இரண்டாகப் பிரித்தேன்.

சரிபாதியாகப் பிரிக்கவில்லை. சரிபாதி சந்தேகத்தைத் தரும். முதல் நாளுக்கு மூன்று அங்குலம் எண்பத்து நான்கு, இரண்டாம் நாளுக்கு நான்கு அங்குலம் அறுபத்திரண்டு. கூட்டிப் பார்த்தேன், சரியாக வந்தது. கொக்கி இல்லை. கறை இல்லை. வெயில் எரித்த ஒரு நாளில் மழை பெய்வித்தேன்... என் வாழ்க்கையில் ஒரு வெட்டுத் திருத்தத்தைக்கூட மறைக்காத கை அதைச் செய்தது. எவ்வளவு நேரம் எடுத்தது என்று நினைக்கிறீர்கள்? ஒரு நிமிடம்கூட இல்லை.

ஆறு வருடம் நான் அதை மறந்திருந்தேன். இதை நம்புங்கள். இதற்குப் பின் நான் சொல்வதில் எதையும் மறந்திருந்தேன் என்று சொல்லப்போவதில்லை.

ஆறாம் வருடம் அந்தக் கிளைக் கால்வாய்க்குப் புதிய மதகு கட்டத் தீர்மானித்தார்கள். மேல்பக்கம் தாழ்ந்த நிலம். அதன் ஓரத்தில் வரிசை வீடுகள், ஒரே கூரையின் கீழ் இருபத்திரண்டு குடும்பங்கள். கீழ்ப்பக்கம் கடலை நோக்கிய பங்களாக்கள். மழைநீரைத் தாழ்ந்த நிலத்தில் சற்று நேரம் தேக்கிவைத்து, பங்களாக்களின் தோட்டம் நனையாதபடி இரும்புக் கதவு வழியாக மெல்ல விடவேண்டும். தேக்கம் எந்த உயரத்துக்கு வந்ததும் கதவைத் திறப்பது? அந்த உயரத்தை நான் கணக்கிடவேண்டும்.

எஞ்சினியர் துரை வெள்ளைக்காரர், நல்லவர். என் இடாப்பை மேசையில் விரித்து ஏடு ஏடாகப் புரட்டினார். பத்தொன்பது வருடத்தில் ஒரு கொக்கிகூட இல்லாத இடாப்பைத் தான் இங்கிலாந்திலும் கண்டதில்லை என்றார். நகரில் இன்னொரு மானி இருந்தது. ஆனால் அது நான்கு மைல் தள்ளி. உம்முடையதையே நம்புகிறேன் என்றார். ஒரு நாளில் பெய்த ஆகக் கூடிய மழை எவ்வளவு என்று கேட்டார்.

அப்போது நினைவு வந்தது.

நான் வாயைத் திறந்தேன் என்பதும் உண்மை. "சேர்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் இருந்த மரியாதையைப் பார்த்தேன்... அது போய்விடும் என்று தெரிந்தது. "நான்கு அங்குலம் தொண்ணூற்றேழு" என்றேன். இடாப்பின்படி அதுதான் ஆகக் கூடியது. நான் பொய் சொல்லவில்லை, இடாப்பு சொன்னதைச் சொன்னேன். இப்படியெல்லாம் ஒரு மனிதன் தன்னோடு பேசிக்கொள்ள முடியும்.

மதகு எழுந்தது. அதன் பக்கத்துக் கம்பத்தில் நானே சிவப்பு வர்ணத்தால் ஒரு கோடு இழுத்தேன். மட்டப்பலகை வைத்து, நூல் பிடித்து, இரண்டு தரம். நீர் அந்தக் கோட்டை மறைத்த பிறகே கதவைத் திறக்கவேண்டும். அதற்கு முன் திறக்கக்கூடாது.

மதகு காக்கும் வேலை முனியாண்டிக்குக் கிடைத்தது. நான்தான் பெயரைக் கொடுத்தேன். சொன்னதைச் செய்கிறவன் என்று எழுதினேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள், கோட்டுக்கு ஒன்றரை அடி கீழே நீர் நிற்கும்போதே அவன் கதவைத் தூக்கிவிட்டான். மழை பின்பு அடங்கிவிட்டது. பங்களா ஒன்றின் பூப்பாத்திகள் அழிந்தன. கடிதம் வந்தது. நான் போனேன்.

"உன்னை ஆர் திறக்கச் சொன்னது?"

"கெழக்க இருட்டிக்கிட்டு வந்துச்சுங்க. அந்த மாதிரி இருட்டு ஒரே ஒரு தடவதான் பாத்திருக்கேன். ஐயா கல்யாணத்துக்குப் போயிருந்தப்ப ஊத்துச்சே, அதுங்க. அப்பிடி ஊத்துச்சுன்னா இந்தக் கோடு..." கம்பத்தைப் பார்த்தான். "இந்தக் கோடு காணாதுங்க ஐயா, இன்னும் கீழ இருக்கணும்."

இப்போதும் அந்த நிமிடத்தில் நிற்கிறேன். படிக்காத ஒரு மனிதன், பாசி வாரும் கையோடு, என் பொய்யின் மீது சரியாக விரலை வைத்துவிட்டான். குற்றம் சாட்டவில்லை. தெரிந்ததைச் சொன்னான்.

நான் குரலை உயர்த்தினேன். கோபம் என்று அவன் நினைத்திருப்பான்.

"மூக்காலை மணந்து மதகு திறக்கிற வேலை இஞ்சை இல்லை" என்றேன். "கோடு கணக்குப் போட்டு இழுத்தது. உன்ர கண்ணையும் மூக்கையும் விட அது பெரிசு. இனி ஒருக்கால் கோட்டுக்கு முந்தித் திறந்தியெண்டால் அண்டைக்கே வேலை இல்லை. விளங்கிச்சுதோ?"

"வெளங்குச்சுங்க."

விதியைத் தமிழில் எழுதி வாசித்துக் காட்டி, கீழே அவன் பெருவிரல் அடையாளத்தை வாங்கினேன். மை காய்வதற்கு ஊதிவிட்டான். அதையும் சரியாகச் செய்யவேண்டும் என்ற கவனம் அவனுக்கு.

அந்த வருடமே ஐப்பசியில் அது வந்தது.

பகல் பன்னிரண்டு நாற்பதுக்குத் தொடங்கியது. ஒன்று முப்பதுக்கு நான் மானியைத் திறந்து அளந்தேன். இடையில் அளப்பது வழக்கமில்லை, ஆனாலும் அளந்தேன். ஐம்பது நிமிடத்தில் மூன்று அங்குலம் பத்து. அந்த வீதத்தில் போனால் நீர் கோட்டைத் தொடும்போது என்ன நடக்கும் என்பதை மனத்துக்குள் கணக்கிட எனக்கு ஒரு நிமிடம் போதுமானதாக இருந்தது. மதகு அங்கிருந்து கூப்பிடும் தூரம். போய் ஒரு வார்த்தை... "இப்பவே திற" என்று இரண்டு சொல்.

சொல்லவில்லை. சொன்னால் கோடு பிழை என்று ஆகும். கோடு பிழையென்றால் இடாப்பு பிழை. ஒருவேளை மழை நின்றுவிடக்கூடும் என்று வேலிக்குள் குடையோடு நின்றேன். நாற்பத்தைந்து நிமிடம் நின்றேன்.

இரண்டு பதினைந்துக்குக் கோடு மறைந்தது. முனியாண்டி அந்தக் கணமே கைப்பிடியில் பாய்ந்ததை நான் கண்டேன். ஒரு நொடியும் அவன் தாமதிக்கவில்லை. இதை நீங்கள் நினைவில் வைத்திருக்கவேண்டும். கண்ட சாட்சி நான் ஒருவனே. நீரின் பாரம் இரும்புக் கதவை அது ஏறியிறங்கும் தவாளிப்பில் இறுக்கிவிட்டது. ஓரடி எழுந்தது, பின் அசையவில்லை. அவன் கைப்பிடியில் தொங்கினான். காலை உதைத்துத் தொங்கினான்.

வரிசை வீடுகளில் நீர் முழங்காலுக்கு வந்தது. பிறகு இடுப்புக்கு. மண் சுவர்கள். கோடியில் இருந்த வீட்டின் பின்சுவர் அப்படியே உட்கார்ந்தது. தையல்காரர் அந்தோனியின் வீடு அது. அவருடைய நான்கு வயது மகள் ரோசியைச் சுவரின் கீழிருந்து எடுத்தார்கள். வாயில் மண். நான் கண்டேன்.

மழை விட்டதும் அவர்கள் மதகுக்கு வந்தார்கள். நாற்பது பேர் இருக்கும். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், எல்லோரும் ஒரே நீரில் நனைந்தவர்கள். ஒருவர் கையில் உலக்கை இருந்தது.

"எங்கடா கெடந்த? குடிச்சிட்டுப் படுத்திருந்தியா?" ஒரு பெண் முனியாண்டியின் தலைமயிரைப் பிடித்தாள்.

"இல்ல தாயி, இங்கனயேதான் நின்னேன்."

"பங்களாக்காரன்ட பூவு நனையக் கூடாதுன்னு எங்கட புள்ளைகள முக்கிட்டான்" என்று இன்னொருவர் கத்தினார்.

முதலில் அந்தோனிதான் அறைந்தார். தொடர்ந்து யார் யாரோ. முனியாண்டி சேற்றில் விழுந்தான். வரிசை வீட்டுக்காரர் இஸ்மாயில் நானா, வயதானவர், குறுக்கே பாய்ந்து கையை விரித்தார். "அடிக்க வாணாம். பொலிசுல குடுப்பம். மனிசன செத்துப்போகப் பண்ணிராதீங்க" என்றார். கூட்டம் ஒரு கணம் தயங்கியது. ஆம், தயங்கியது... அந்தத் தயக்கத்தையும் நான் கண்டேன்.

நான் அளவுகோலோடு அங்கே நின்றேன். நீர்மட்டம் பார்க்கும் ஐந்தடிக் கோல், கீழே இரும்புப் பூண். முனியாண்டி என்னைக் கண்டான். அவன் முகம் தெளிந்தது. ஆபத்தில் தெரிந்தவரைக் கண்ட முகம்.

"கிளாக்கர் ஐயா இருக்காரு, அவரக் கேளுங்க. கோடு அவரு போட்டதுங்க. கோட்டுக்கு முந்தித் தொறக்கக் கூடாதுன்னாரு. ஐயா, சொல்லுங்கய்யா. அந்தக் கோடு காணாதுன்னு நான் அப்பவே..."

அவன் வசனத்தை முடிக்கவில்லை.

கோலை இரண்டு கைகளாலும் பிடித்து, பூண் உள்ள நுனியால், வாயில் அடித்தேன். ஏதோ உடையும் ஓசை கேட்டது. கோல் உடையவில்லை.

இஸ்மாயில் நானா என்னைப் பார்த்தார். விரித்த கைகளைக் கீழே விட்டார். படித்தவன் அடித்துவிட்டான், இனி என்ன விசாரணை?

"ஐயாவுக்கே பொறுக்கல்லயே" என்றார் ஒருவர்.

அதன் பின் நடந்ததை அவர்கள் என் பெயரால் செய்தார்கள் என்றே சொல்வேன். உலக்கையால் விலாவில். கதவின் கைப்பிடியைக் கழற்றி அதனாலேயே வலக் கையில். அந்தக் கைதான் கதவில் தொங்கியது. அவன் கத்தவில்லை, கத்த வாய் இல்லை. தாடை ஒரு பக்கமாகத் தொங்க, தொண்டையிலிருந்து ஓர் ஓசை வந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மணி மூன்று இருபது.

பொலிஸ் வந்து அவனைத்தான் கொண்டுபோனார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து குளித்தேன். பிறகு எட்டு அங்குலம் நாற்பத்தாறை வைத்துக் கணக்கை மறுபடி செய்தேன். மூன்று தாள். கோடு இரண்டு அடி ஓர் அங்குலம் கீழே இருந்திருக்கவேண்டும். முனியாண்டி ஒன்றரை அடி கீழே திறந்தான் அல்லவா? என் கணக்கை விட அவனுடைய மூக்கு உண்மைக்கு அருகில் இருந்தது. தாள்களை அடுப்பில் வைத்தேன்.

வழக்கு புதுக்கடை நீதிமன்றத்தில் நடந்தது. கடமையில் அசட்டை, அதனால் மரணம். தாடையைத் துணியால் கட்டி அவனைக் கொண்டுவந்தார்கள். நீதவான் ஆங்கிலத்தில் கேட்டார், மொழிபெயர்ப்பு முதலியார் தமிழில் கேட்டார், முனியாண்டி பதில் சொன்னான். முதலியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மீண்டும் கேட்டார். மீண்டும் அதே குழைந்த ஓசை.

"இவன் பேச்சுப் பழகினவை ஆரும் இருக்கினமோ?" என்று முதலியார் கந்தோர் ஆட்களைப் பார்த்துக் கேட்டார்.

என்னைக் கூப்பிட்டார்கள். நான் அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. "கோடு மறைஞ்ச ஒடனே புடிச்சேங்க. கதவு எறுகிக்கிச்சு. முந்தித் தொறக்கக் கூடாதுன்னு உத்தரவு."

நான் நீதவானிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்: திறக்கப் பிந்திவிட்டதாக ஒப்புக்கொள்கிறான்.

'லேட்' என்ற சொல்லை உச்சரித்தேன். கொழும்பில் கூலிவேலை செய்யும் எவனுக்கும் தெரிந்த ஒரே ஆங்கிலச் சொல் அது. காலையில் பெயர் கூப்பிடும்போது பிந்தி வருகிறவனுக்குக் கங்காணி சொல்லும் சொல். முனியாண்டி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். பகையோடு பார்த்தான் என்றால் நான் இன்று தூங்குவேன். ஆச்சரியத்தோடு பார்த்தான். பிறகு மெல்லத் தலையைக் குனிந்து யோசிக்கத் தொடங்கினான்.

விதியின் கீழ் இருந்த பெருவிரல் அடையாளத்தை யாரும் கேட்கவில்லை. அந்தத் தாள் என் மேசை லாச்சியில் இருந்தது. ஒன்பது மாதக் கடூழியச் சிறை விதித்தார்கள்.

எனக்குப் பதவி உயர்வு வந்தது, கோட்டையில் உள்ள தலைமைக் கந்தோருக்கு மாற்றினார்கள். வெள்ளவத்தையை விட்டுக் கொட்டாஞ்சேனைக்கு, மனைவியின் தம்பி வீட்டுக்குப் பக்கத்தில் குடிவந்தேன். போகும்போது வரிசை வீட்டுக்காரர்கள் வந்து வழியனுப்பினார்கள். அந்தோனி எனக்கு ஒரு சட்டை தைத்துத் தந்தார். தோள் அளவு, கை அளவு எல்லாம் மிகச் சரியாக இருந்தது. நான் அதை ஒருநாளும் அணியவில்லை.

இங்கே நிறுத்தியிருந்தால் இது ஒரு கோழையின் கதை. அடுத்ததைச் சொன்னபின் என்னை என்ன பெயரால் அழைப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது.

சிறையிலிருந்து விடுதலையாகி ஒரு வாரத்தில், ஒரு ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, முனியாண்டி என் வீட்டு வாசலில் நின்றான். முகத்தின் இடப் பக்கம் உள்ளே போயிருந்தது. வலக் கை விரல்கள் மடங்கவில்லை. தலைமன்னார் போகும் கோச்சி ரயிலைப் பிடிக்கப் போகிறானாம். அங்கிருந்து கப்பலேறி ஊருக்கு. என் மனைவி பாண் கொண்டுவந்தாள். கடிக்க முடியாது என்று கையால் காட்டினான். தேத்தண்ணீரைத் தலையைச் சரித்து ஒரு பக்கமாகக் குடித்தான்.

"அடிச்சதக் கேக்க வரலீங்க" என்றான். என் மனைவிக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. "கண்ணு முன்னால புள்ள செத்துப்போச்சு. யாருக்கும் கைய நீட்டத்தான் தோணும்."

அவன் தொடர்ந்தான்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிர்றேன். கோர்ட்டுல லேட்டுன்னு சொன்னீங்க. படிச்சவங்க, பாத்துத்தான் சொல்லியிருப்பீங்க. என் நெனப்புல கோடு மறைஞ்ச ஒடனே ஓடுனேன்னுதான் இருக்கு. ஜெயில்ல ஒம்பது மாசமா அதையே நெனச்சுப் பாத்தேன். மழையில கண்ணு மறைச்சிருக்குமோ? கொஞ்ச நேரம் முந்தியே கோடு போயிருக்குமோ? அந்தப் புள்ள... அது எங்கிட்ட வெத்தலக் காம்பு வாங்கிட்டுப் போகும்ங்க. நான்தான் கொன்னேனா இல்லியான்னு தெரியாம ஊருல எப்பிடிச் சோறு திங்கிறது?"

குவளையை நிலத்தில் வைத்தான்.

"கோடு சரியாத்தானேய்யா இருந்துச்சு? அத மட்டும் சொல்லுங்க. கோடு தப்புன்னா நான் யாருகிட்டயும் வாயத் தொறக்கமாட்டேன். தொறந்தாலும் யாருக்கு வெளங்கப்போவுது? எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

அவன் என்னிடம் கேட்டது அவ்வளவுதான். வேலையை அல்ல, தாடையை அல்ல, ஒன்பது மாதத்தை அல்ல. சாட்சி இல்லை, நீதவான் இல்லை, எனக்கு எந்த ஆபத்தும் இல்லை. என் மனைவி கதவோரத்தில் நின்றாள். அவள் என் பதிலை மட்டுமே விளங்கிக்கொள்ளக்கூடியவள்... அதற்காகவா? மனைவியின் முன் ஒரு வசனம் பிழைத்துவிடக் கூடாது என்பதற்காகவா? பல வருடம் என்னையே கேட்டுவிட்டேன். வேறு காரணம் கிடைக்கவில்லை.

"கோடு சரியாத்தான் இருந்தது" என்றேன்.



"அப்ப என் கண்ணுதான்" என்றான்.

மடங்காத விரல்களால் கும்பிட முயன்றான். மூட்டையை இடக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினான். அவன் என்ன கேட்டான் என்று என் மனைவி கேட்டாள். வேலைக்குக் கடிதம் கேட்டான் என்றேன்.

பிறகு நான் செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடினேன். உண்மைதான், ஓடினேன். அவன் ரிக்‌ஷாக்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தான். கோயில் பக்கம் திரும்பும் முனைக்கு இன்னும் வரவில்லை. எனக்கும் அவனுக்கும் இடையில் நாற்பது கெஜம் இருக்கும். அந்தத் தெருவின் இரைச்சலில் ஒரு மனிதக் குரல் அறுபது கெஜம் வரை கேட்கும். கணக்கிட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது.

அவன் முனையில் திரும்பும்வரை அங்கே நின்றேன். கூப்பிடவில்லை.